தொடக்கப் பிட்சரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தினசரி ஃபேன்டசி பேஸ்பால்: ஒரு கணக்குப் பாடம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

முன்னுரை

பேஸ்பால் என்றதும் "அது அமெரிக்காக்காரன் ஆட்டம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கிரிக்கெட்டில் ஃபேன்டசி அணி போடுவது பற்றி நம் விடுதியில் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் கிரிக்கெட் என்றால் நமக்குப் பிடித்த வீரர், பிடிக்காத வீரர் என்று பாசம் குறுக்கே வந்துவிடும். பேஸ்பாலில் நமக்கு மாமன் மச்சான் யாரும் இல்லை. எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. அதனால் கணக்கைக் கற்றுக்கொள்ள அதுவே வசதியான இடம்.

இரண்டாம் ஆண்டில் தரக் கட்டுப்பாடு பாடத்தில் சராசரி, சிதறல் எல்லாம் படித்தோம். தேர்வு முடிந்ததும் பலரும் மறந்துவிட்டோம். அந்தப் பாடம் ஒரு விளையாட்டில் எப்படி வேலை செய்கிறது என்பதையும், கடைசியில் அதே கணக்கு நம் சட்டைப்பையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

1. ஆட்டத்தின் அடிப்படை

ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒவ்வொரு அணிக்கும் மூன்று அவுட். ஆக ஒரு அணியை முழுக்க முடிக்க 27 அவுட் வேண்டும். பந்து எறிபவர் பிட்சர். அவர் 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து, அதாவது 18.44 மீட்டரிலிருந்து எறிகிறார்.

பேட்டர் எதிரில் நின்றால் முக்கியமாக மூன்று விதமாக முடியும். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் ஸ்ட்ரைக் அவுட். நான்கு பந்து எல்லைக்கு வெளியே போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவார், அதற்கு வாக் என்று பெயர். மூன்றாவது, பேட்டர் பந்தை அடித்துவிடுவது. அது வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் அதைப் பிடிப்பதும் விடுவதும் ஃபீல்டர்கள் வேலை. இந்த மூன்றையும் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்தான் தொடக்கப் பிட்சர். இப்போதெல்லாம் அவர் பெரும்பாலும் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வரை எறிவார். பிறகு மாற்று பிட்சர்கள் வருவார்கள். தோள்பட்டைக்கு ஓய்வு வேண்டும் என்பதால் ஐந்து ஆறு நாளைக்கு ஒரு முறைதான் ஒருவருக்கு முறை வரும். மேஜர் லீகில் 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டங்கள். எல்லா அணியும் ஆடும் நாளில் 15 ஆட்டம், 30 தொடக்கப் பிட்சர்கள். நம் வேலை அந்த முப்பதில் யாரை எடுப்பது என்பதுதான்.

2. தினசரி ஃபேன்டசி என்றால் என்ன?

அமெரிக்காவில் இதை நடத்தும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஃபேன்டூயல் (2009-ல் தொடங்கியது), டிராஃப்ட்கிங்ஸ் (2012-ல் தொடங்கியது). டிராஃப்ட்கிங்ஸின் வழக்கமான போட்டியில் 50,000 டாலர் கற்பனைச் சம்பள வரம்பு. அதற்குள் இரண்டு பிட்சர், எட்டு பேட்டர் என பத்துப் பேரை வாங்க வேண்டும். சராசரி பார்த்தால் ஆளுக்கு 5,000. ஆனால் முதல் தரப் பிட்சரின் விலை 10,000 டாலரைத் தாண்டும். பத்தில் ஒருவருக்கு ஐந்தில் ஒரு பங்குப் பணம்! ஃபேன்டூயலில் ஒரே ஒரு பிட்சர்தான். ஆகவே இந்த ஒரு தேர்வு தவறினால் மீதி அணி எப்படி இருந்தாலும் சிரமம்தான்.

ஏன் பிட்சருக்கு இவ்வளவு விலை? காரணம் மாதிரி எண்ணிக்கை. ஒரு பேட்டர் ஒரு ஆட்டத்தில் நான்கு அல்லது ஐந்து முறைதான் ஆட வருவார். எவ்வளவு பெரிய பேட்டரானாலும் பொதுவாகப் பாதிக்கு மேற்பட்ட முறை அவுட் ஆகிறவர்தான். நான்கு முறையும் அவுட் ஆகிப் போவது அவருக்குச் சகஜம். பிட்சரோ ஒரே நாளில் 20 முதல் 25 பேட்டர்களைச் சந்திக்கிறார். நான்கு பீஸை வெர்னியரில் அளந்து லேத்தின் தரத்தைச் சொல்வதற்கும், 24 பீஸை அளந்து சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரிந்ததே. அணியில் ஓரளவாவது முன்கூட்டிச் சொல்லக்கூடிய இடம் பிட்சர் இடம்தான். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் பிட்சரை முடிவு செய்துவிட்டு, மிச்சப் பணத்தில் பேட்டரைத் தேடுகிறார்கள்.

3. மதிப்பெண் எங்கிருந்து வருகிறது?

எந்த வேலையானாலும் முதலில் அளவுகோலைப் பார்க்க வேண்டும். டிராஃப்ட்கிங்ஸில் பிட்சருக்கு ஒவ்வொரு அவுட்டுக்கும் 0.75, ஸ்ட்ரைக் அவுட்டுக்குக் கூடுதலாக 2, வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டால் 4. அவர் பொறுப்பில் போகும் ஒவ்வொரு ரன்னுக்கும் 2 கழிவு. ஹிட், வாக், உடம்பில் பந்து பட்டது ஒவ்வொன்றுக்கும் 0.6 கழிவு. ஃபேன்டூயலில் அவுட்டுக்கு 1, ஸ்ட்ரைக் அவுட்டுக்குக் கூடுதலாக 3, வெற்றிக்கு 6, ரன்னுக்கு 3 கழிவு. ஆறு இன்னிங்ஸ் எறிந்து மூன்று ரன்னுக்குள் நிறுத்தினால் மேலும் 4.

இதிலிருந்தே முதல் விதி கிடைத்துவிடுகிறது. ஃபீல்டர் பிடித்து வந்த சாதாரண அவுட் டிராஃப்ட்கிங்ஸில் 0.75 தான். ஸ்ட்ரைக் அவுட் என்றால் 2.75, அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். ஃபேன்டூயலில் சரியாக நான்கு மடங்கு.

கற்பனையாக இரண்டு பிட்சர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 6 இன்னிங்ஸ், 4 ஸ்ட்ரைக் அவுட், 5 ஹிட், 1 வாக், 1 ரன், வெற்றியும் அவருக்கே. கணக்கு: 13.5 + 8 + 4 – 3 – 0.6 – 2 = 19.9. இரண்டாமவர் 6 இன்னிங்ஸ், 9 ஸ்ட்ரைக் அவுட், 5 ஹிட், 2 வாக், 3 ரன், வெற்றி இல்லை. கணக்கு: 13.5 + 18 – 3 – 1.2 – 6 = 21.3. மறுநாள் பத்திரிகையில் முதலாமவர் படம்தான் வரும். ஆனால் இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் இரண்டாமவர்.

நிஜ உதாரணமும் உண்டு. 2016 மே 11 அன்று வாஷிங்டன் அணியின் மேக்ஸ் ஷெர்சர், டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து 20 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதுவரை இருந்த சாதனையைச் சமன் செய்தார். அன்று அவர் 6 ஹிட், 2 ஹோம் ரன், 2 ரன் கொடுத்தார். இருந்தும் ஃபேன்டூயல் கணக்குப்படி 27 + 60 + 6 + 4 – 6 = 91. இந்த 91-ல் 60 ஸ்ட்ரைக் அவுட்டின் கூடுதல் மதிப்பு மட்டுமே.

4. எது அவர் கையில் இருக்கிறது?

பழைய வழக்கப்படி பிட்சரை "எத்தனை ஆட்டம் ஜெயித்தார்" என்றுதான் பார்ப்பார்கள். இது சரியான அளவுகோல் இல்லை. 2018-ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.70 ரன் மட்டுமே கொடுத்தார். ஆனால் அவர் கணக்கில் 10 வெற்றி, 9 தோல்வி! அவர் அணி பேட்டிங்கில் ரன் எடுத்துத் தராவிட்டால் அவர் என்ன செய்வார்? அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் போனது. வெற்றிக்கு 4 புள்ளி உண்டு என்பது உண்மை, கிடைத்தால் லாபம். ஆனால் அதை நம்பி ஆளை எடுக்கக் கூடாது.

"சரி, ரன் சராசரியைப் பார்க்கலாமே?" என்று கேட்கலாம். அதிலும் ஒரு சிக்கல். 2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். மைதானத்துக்குள் அடிபட்ட பந்து ஹிட் ஆகுமா அவுட் ஆகுமா என்பதில் பிட்சருக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை என்று எண்களோடு காட்டினார். அப்படி அடிபட்ட பந்துகளில் நூற்றுக்குச் சுமார் 30 ஹிட் ஆகும். ஒரு பிட்சருக்கு ஒரு மாதம் அது 24 ஆக இருக்கும், அடுத்த மாதம் 35 ஆகும். அதில் பெரும்பகுதி ஃபீல்டர் கால் வேகமும் அதிர்ஷ்டமும்தான். அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் திருத்தினார்கள். ஆனால் அடிப்படை நின்றுவிட்டது.

பிட்சர் கையிலேயே இருப்பவை ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகிய மூன்று. இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு சூத்திரம் உண்டு. ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்கு. வாக், உடம்பில் பட்டது இரண்டையும் கூட்டி 3-ஆல் பெருக்கிச் சேர். ஸ்ட்ரைக் அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழி. வந்ததை இன்னிங்ஸால் வகுத்து, சுமார் 3.1 கூட்டு. கிடைப்பது அவர் உண்மையில் எவ்வளவு ரன் கொடுக்கத் தகுந்தவர் என்ற மதிப்பீடு.

இதற்கும் ஒரு கற்பனைக் கணக்கு. முத்துவும் மணியும் ஆளுக்கு 50 இன்னிங்ஸ் எறிந்தார்கள். இருவரும் 5 ஹோம் ரன் கொடுத்தார்கள். முத்து 20 வாக், 40 ஸ்ட்ரைக் அவுட், ரன் சராசரி 2.70. மணி 13 வாக், 62 ஸ்ட்ரைக் அவுட், ரன் சராசரி 4.30. பார்த்தவுடன் முத்துவைத்தான் எடுக்கத் தோன்றும். சூத்திரத்தில் போடுங்கள். முத்துவுக்கு (65 + 60 – 80) ÷ 50 = 0.9, அதோடு 3.1 சேர்த்து 4.0. மணிக்கு (65 + 39 – 124) ÷ 50 = –0.4, அதோடு 3.1 சேர்த்து 2.7. இனி வரும் ஆட்டங்களுக்கு மணிதான் சரியான ஆள். சராசரி கெட்டிருப்பதால் அவர் விலையும் குறைந்திருக்கலாம். வாங்குகிறவனுக்கு அது நல்ல நேரம்.

இன்னொரு நுணுக்கம். ஸ்ட்ரைக் அவுட்டை ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை என்று பார்ப்பதைவிட, சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது நல்லது. ஒன்பது இன்னிங்ஸில் 9 ஸ்ட்ரைக் அவுட் எடுத்த இருவரில் ஒருவர் 34 பேட்டரைச் சந்தித்தார், இன்னொருவர் 42 பேரை. முதலாமவர் 26.5 சதவீதம், இரண்டாமவர் 21.4 சதவீதம். நிறைய ஹிட்டும் வாக்கும் கொடுத்தவருக்கு ஒரே இன்னிங்ஸில் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கிறது, அவ்வளவுதான். சமீப ஆண்டுகளில் லீக் சராசரி 22 முதல் 23 சதவீதம். 28-ஐத் தொட்டால் உயர்தரம்.

5. எதிரில் யார்?

கத்தி நன்றாக இருந்தால் போதாது, வெட்டும் உலோகத்தையும் பார்க்க வேண்டும். சில அணிகள் அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆகும், சில அணிகள் ஆகாது. எளிய முறை: பிட்சரின் சதவீதத்தை எதிரணியின் சதவீதத்தால் பெருக்கி, லீக் சராசரியால் வகுக்க வேண்டும்.

பிட்சர் 28, எதிரணி 25, லீக் 22.5 என்றால் 31.1 சதவீதம். 24 பேட்டரைச் சந்தித்தால் சுமார் 7.5 ஸ்ட்ரைக் அவுட். அதே பிட்சர் 19 சதவீத அணியோடு மோதினால் 23.6 சதவீதம், அதாவது சுமார் 5.7. வித்தியாசம் 1.8. டிராஃப்ட்கிங்ஸில் 3.6 புள்ளி. ஆள் மாறவில்லை, எதிராளி மட்டும்தான் மாறினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2021 வரை நேஷனல் லீகில், 2020 தவிர, பிட்சரே பேட்டும் பிடிப்பார். அவர் பலவீனமான பேட்டர் என்பதால் "நேஷனல் லீக் பிட்சரை எடு" என்பது அந்தக் காலத்து விதி. 2022 முதல் எல்லா அணியும் பிட்சருக்குப் பதிலாகத் தனி பேட்டரை இறக்குகின்றன. பழைய விதி செத்துவிட்டது. ஆட்டத்தின் சட்டம் மாறினால் நம் குறிப்பேடும் மாற வேண்டும்.

6. எவ்வளவு நேரம் எறிவார்?

திறமை எவ்வளவு இருந்தாலும் மைதானத்தில் நின்றால்தான் புள்ளி. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் அபாரமாக எறிந்துகொண்டிருந்தார். 9 ஸ்ட்ரைக் அவுட், வாக் ஒன்றுகூட இல்லை, கொடுத்த ஹிட் இரண்டே. ஆறாவது இன்னிங்ஸில் 73 பந்து எறிந்திருந்தபோது மேலாளர் அவரை வெளியே எடுத்துவிட்டார். அணி 1–0 என முன்னிலையில் இருந்து 3–1 என்று தோற்றது, கோப்பையும் போனது. இன்றும் அதைப் பற்றி அங்கே விவாதம் நடக்கிறது.

மேலாளர் ஏன் அப்படிச் செய்தார்? ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள் என்பது நிரூபணமான விஷயம். ஆகவே கடந்த நான்கைந்து ஆட்டங்களில் நம் பிட்சர் எத்தனை பந்து எறிந்தார், காயத்திலிருந்து திரும்பியவரா, அந்த மேலாளர் எப்போது ஆளை மாற்றுவார் என்று பார்க்க வேண்டும். ஐந்து இன்னிங்ஸ் முடிக்காத தொடக்கப் பிட்சருக்கு வெற்றிப் புள்ளியும் கிடையாது.

இன்னொரு பொறி. 2018 மே மாதம் டாம்பா பே அணி, வழக்கமாகக் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கியது. பிறகு பல அணிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. பட்டியலில் பெயர் முதலில் இருக்கும், ஆனால் ஒரு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பெயர் முதலில் இருப்பவரெல்லாம் தொடக்கப் பிட்சர் ஆகிவிட மாட்டார்.

7. மைதானமும் காற்றும்

இது நம் துறைக்காரர்களுக்குப் பிடித்த பகுதி. டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்டு மைதானம் 1995-ல் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. திரவ இயக்கவியலில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இழுவிசை அடர்த்திக்கு நேர் விகிதம், ஆக அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். சுழலும் பந்தைப் பக்கவாட்டில் வளைக்கும் மேக்னஸ் விசையும் அடர்த்தியைப் பொறுத்ததே, ஆக பிட்சரின் வளைவுப் பந்து அங்கே சரியாக வளையாது. பிட்சருக்கு இரட்டை அடி! பந்துகள் காய்ந்துபோகாமல் இருக்க 2002 முதல் ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கிறார்கள். 2022 முதல் எல்லா மைதானத்திலும் அந்த வசதி வந்துவிட்டது. இருந்தும் டென்வர் இன்னும் ரன் குவியும் மைதானம்தான். அங்கே எறியும் பிட்சரைப் பெரும்பாலோர் தொடுவதில்லை.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் காற்றின் திசை முக்கியம். மிச்சிகன் ஏரியிலிருந்து மைதானத்துக்குள் வீசினால் பிட்சருக்கு நல்லது, வெளிநோக்கி வீசினால் பேட்டருக்கு. சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ மைதானங்கள் பொதுவாகப் பிட்சருக்கு உதவுபவை. மழையையும் பார்க்க வேண்டும். ஆட்டம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் தோள் குளிர்ந்துவிடும், தொடக்கப் பிட்சரைத் திரும்ப இறக்க மாட்டார்கள். இரண்டு இன்னிங்ஸோடு நம் ஆள் போய்விடுவார்.

8. விலையும் போட்டியின் வகையும்

விலையை ஆயிரம் டாலருக்கு எத்தனை புள்ளி என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 10,000 டாலர் பிட்சரிடம் 22 புள்ளி எதிர்பார்ப்பு, 7,000 டாலர் பிட்சரிடம் 16.5 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 2.2, 2.36. மலிவானவர் மேல் என்று தோன்றும். ஆனால் மிச்சமாகும் 3,000 டாலரை பேட்டர்களில் போட்டால் எவ்வளவு கூடும்? 4 புள்ளி கூடினால் மொத்தம் 20.5, அப்போதும் விலை உயர்ந்தவரே மேல். 6 புள்ளி கூடினால் 22.5, மலிவானவர் மேல். கேள்வி எப்போதும் "மிச்சப் பணம் வேறெங்கே எவ்வளவு தரும்?" என்பதே. வீட்டுச் செலவு பார்க்கும் நம் அம்மாக்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

பாதிப் பேர் ஜெயிக்கும் போட்டியில் நிதானமான, வாக் குறைவான பிட்சர் போதும். ஆயிரக்கணக்கானோரில் முதல் சிலருக்கு மட்டும் பரிசு என்றால் நிதானம் உதவாது. ஒரு நாள் சொதப்பினாலும் இன்னொரு நாள் 12 ஸ்ட்ரைக் அவுட் எடுக்கக்கூடியவர், அதிலும் மற்றவர்கள் அதிகம் எடுக்காதவர் வேண்டும். எந்தப் போட்டியானாலும் நம் பிட்சரை எதிர்த்து ஆடும் பேட்டரை நம் அணியில் வைக்கக் கூடாது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்குவார்.

9. ஒரு இரவின் முடிவு தீர்ப்பாகுமா?

இவ்வளவு பார்த்து எடுத்த பிட்சர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே அடி வாங்கி வெளியேறினால்? "கணக்கெல்லாம் சும்மா" என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் தரக் கட்டுப்பாடு பாடம் வருகிறது.

28 சதவீதப் பிட்சர் 24 பேட்டரைச் சந்தித்தால் சராசரி 6.7 ஸ்ட்ரைக் அவுட். திட்ட விலக்கம் 24 × 0.28 × 0.72-ன் வர்க்கமூலம், சுமார் 2.2. சாதாரணமான 22.5 சதவீதப் பிட்சருக்குச் சராசரி 5.4. இருவருக்கும் வித்தியாசம் 1.3 தான், ஆனால் ஒரே நாளின் சிதறல் 2-க்கு மேல். ஆகவே ஒரு இரவில் சாதாரண ஆள் நல்ல ஆளை மிஞ்சுவது அடிக்கடி நடக்கும். அதே இருவர் 30 ஆட்டத்தில் 720 பேட்டரைச் சந்தித்தால் 202-க்கு எதிராக 162. வித்தியாசம் 40, ஒவ்வொருவரின் சிதறலும் சுமார் 11 முதல் 12. அப்போது உண்மை பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனதற்காக மெஷினை மாற்றுகிறவன் நல்ல சூப்பர்வைசர் இல்லை. ஒரு ஜாப் பாஸ் ஆனதற்காக மெஷினைக் கவனிக்காமல் விடுகிறவனும் இல்லை. தேர்வை அதன் காரணத்தை வைத்து மதிப்பிட வேண்டும், அன்றைய முடிவை வைத்து அல்ல.

10. கமிஷன் கணக்கு

இப்போது மிக முக்கியமான பகுதி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா காய்கறி கமிஷன் மண்டியில் மூட்டை இறக்குகிறார். லீவில் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னவென்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜெயிக்கிறவனுக்கு எவ்வளவு, தோக்கிறவனுக்கு எவ்வளவுன்னு சொல்றியே, நடத்துறவனுக்கு எவ்வளவுப்பா?" என்றார். "மண்டில வெள்ளாமை போட்டவன் நஷ்டப்படுவான், வாங்கினவனும் நஷ்டப்படுவான். கமிஷன்காரன் நஷ்டப்பட்டு நான் பாத்ததில்ல" என்றார்.

அவர் கேட்டதைக் கணக்காகப் போடுவோம். 100 பேர் ஆளுக்கு 1 டாலர் கட்டுகிறார்கள். முதல் 50 பேருக்கு ஆளுக்கு 1.80 டாலர். மொத்தம் 90 டாலர் திரும்பி வருகிறது, 10 டாலர் நடத்துபவருக்கு. இந்தப் போட்டியில் நட்டமில்லாமல் இருக்க 1 ÷ 1.8, அதாவது 100-க்கு 56 முறை ஜெயிக்க வேண்டும். பாதிக்குப் பாதி ஜெயிக்கிறவன் நல்லா ஆடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே மெதுவாகக் கரைந்துபோவான்.

56 முறை ஜெயிப்பது சுலபமா? எதிரில் இருப்பது யார் என்று பாருங்கள். 2015 பேஸ்பால் பருவத்தின் முதல் பாதியை மெக்கின்சி நிறுவனத்தினர் ஆராய்ந்தார்கள். ஆட்டக்காரர்கள் எடுத்த லாபத்தில் 91 சதவீதம், வெறும் 1.3 சதவீதம் பேருக்குப் போயிருந்தது. இது திறமை ஆட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திறமை கணினி நிரல் எழுதி, பெரிய முதலோடு, முழுநேர வேலையாக ஆடும் ஒரு சிலரிடம் இருக்கிறது. "திறமை ஆட்டம்" என்ற சொல்லுக்கு மற்றவர்களுக்கான அர்த்தம், அவர்கள் திறமையுள்ளவரிடம் தோற்பார்கள் என்பதே.

முந்தைய பகுதியின் சிதறலையும் இதோடு சேருங்கள். ஒரு வாரம் ஜெயித்தவனுக்கு அது தன் திறமையா, அதிர்ஷ்டமா என்று தெரியாது. தெரிந்துகொள்ள நூற்றுக்கணக்கான ஆட்டம் வேண்டும். அதற்குள் செமஸ்டர் கட்டணம் போய்விடும். நம் விடுதியிலேயே கிரிக்கெட் ஃபேன்டசியில் மெஸ் பணத்தை விட்டுவிட்டு, வீட்டில் "புத்தகம் வாங்கணும்" என்று போன் பண்ணியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. மூன்று நாள் ஜெயித்தவர்கள். நம்மில் பாதிப் பேர் முதல் தலைமுறை. நம் வீட்டிலிருந்து வரும் ஆயிரம் ரூபாய்க்குப் பின்னால் இன்னொரு ஆயிரம் கிடையாது.

நம் நாட்டைப் பொறுத்தவரை, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. ஆனால் குறுக்குவழியில் ஆட இடம் காட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி என் அப்பா கேட்ட கேள்விதான்.

11. பயிற்சி

பணம் இல்லாமலே இந்தப் பாடத்தை முழுதாகக் கற்கலாம். அமெரிக்க பேஸ்பால் புள்ளிவிவரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பருவம் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை நடக்கும். நியூயார்க்கில் மாலை ஏழு மணி ஆட்டம் நமக்கு அதிகாலை 4.30. ஆகவே இரவு படுக்கும் முன் செய்து முடித்துவிடலாம்.

அ) ஒரு நோட்டில் தினமும் மூன்று தொடக்கப் பிட்சர்களை எழுதவும்.

ஆ) ஒவ்வொருவருக்கும் ஸ்ட்ரைக் அவுட் சதவீதம், வாக் சதவீதம், எதிரணியின் ஸ்ட்ரைக் அவுட் சதவீதம், கடைசி மூன்று ஆட்டங்களில் எறிந்த பந்து எண்ணிக்கை, மைதானம் ஆகியவற்றைக் குறிக்கவும்.

இ) எதிர்பார்க்கும் புள்ளியை ஆட்டத்துக்கு முன்பே பேனாவில் எழுதவும். பென்சில் கூடாது, பின்னால் திருத்தத் தோன்றும்.

ஈ) மறுநாள் உண்மையான புள்ளியைப் பக்கத்தில் எழுதவும்.

உ) முப்பது நாள் கழித்து வித்தியாசங்களின் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டுபிடிக்கவும்.

சராசரி வித்தியாசம் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருந்தால் உங்கள் முறை சரியாக இருக்கிறது. திட்ட விலக்கம் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று பாருங்கள். நன்றாகக் கணிக்கிறவனையும் ஒரு இரவு எவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்பதை அந்த எண் காட்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. என் நோட்டு விடுதி அறையில் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.